கரையான் அரிக்காத நிலைக்கதவு

வாரக்கணக்காக விடாத இருமலோடு போன என்னிடம் பாளையங்கோட்டை டாக்டர் கேட்டது: "உங்க வீட்டுக்குள்ள காத்து எந்தப் பக்கமா வருது?" இருமலுக்கு மருந்து கேட்டால் இவர் காற்றை விசாரிக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

"எங்க லாத்தா வீட்டுப் பக்கமா சார்" என்றேன்.

வாப்பா தன் வீட்டை இரண்டாகப் பிரித்து இளையவளான எனக்கும் என் அக்கா மைமூன் லாத்தாவுக்கும் கொடுத்தபோது நடுச்சுவரில் ஒரு வாசல் விட்டார். பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர எங்கள் பக்கம் இப்படி உண்டு. முற்றம் அவள் பங்கில் போய்விட்டது. என் பங்கில் ஜன்னல் கிடையாது. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காற்றும் வெளிச்சமும் மீன்குழம்பும் அந்த வாசல் வழியாகத்தான் வரும்.

சளிப் பரிசோதனையில் (இருமி எடுத்த சளியில் கிருமி தேடுவது) காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மாத்திரை. லாத்தா வீட்டாரையும் பரிசோதித்தார்கள், யாருக்கும் இல்லை. சில வாரம் கழித்து டாக்டர் சொன்னார்: "மருந்து நல்லா கேக்குது. இனி உங்களால யாருக்கும் பரவாது. கதவைத் திறந்தே வைங்க, அடைச்ச வீடுதான் இதுக்கு ஆகாது." லாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார்.

"நிலையில கரையான் ஏறிட்டு ளா, மாத்தணும்" என்றாள். நம்பினேன். செங்கல் இடுப்பளவு ஏறிய பிறகும் நம்பினேன் என்றால் என்னை என்ன சொல்வது! கொத்தனாருக்கு டீ போட்டு அந்தச் சுவருக்கு மேலாக நீட்டினேன்.

"அங்கனயே வை. அவரு குடிக்க மாட்டாரு" என்றாள் லாத்தா.

டம்ளரைப் பிடித்தபடியே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எம் மவளைப் பொண்ணு பாக்க வாராவ. ஒன் இருமல் கேட்டா என்ன நெனைப்பாவ?"

"டாக்டர் சொன்னதை நீயும் கேட்டியே லாத்தா."

"நான் கேட்டேன். அவுக கேக்கலையே."

நோய் எனக்குச் செய்ததைவிட அவள் செய்ததுதான் பெரிது. இன்றும் அதையே சொல்வேன். அந்த வெயில் காலம் முழுவதும் இருட்டில் புழுங்கிக் கிடந்து மாத்திரை விழுங்கினேன். பிறகு மேல்தளத்தில் துளை போட்டுக் கொஞ்சம் காற்றுக்கு வழி செய்தேன். இதைப் படிக்கிறவருக்கு இந்த நோய் இருந்தால், மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டுக் காற்று யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்து வையுங்கள்.

எனக்குக் குணமானது. அவள் மகள் கல்யாணமும் முடிந்தது. தெருவைச் சுற்றி, விருந்தாளியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தேன். போன மாதம் லாத்தா தெரு வழியாக வந்து உட்கார்ந்தாள். பைய ஆரம்பித்தாள்: "அந்த வாசலைத் திறந்துருவோமா ளா?"

"கரையான் போயிட்டா லாத்தா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து தெரு வழியாகவே திரும்பினாள். சுவர் அப்படியே இருக்கிறது. என் நுரையீரல் சுத்தம் என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போய் நிற்கிறேன்.