பரவால்லைங்க மேடம்

கோல்ஃப் மைதானத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் போன ஆண்டு நாலைந்து மாதம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை ரயிலில், கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு மனவலிமை சொல்லித்தரும் ஒருவரின் காணொளிகளைத் தவறாமல் பார்த்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் சமையல் பார்ப்பார்கள், சீரியல் பார்ப்பார்கள். நான் மட்டும் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் புல்லில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வந்திருந்த வியாதி அப்படி. அது கேரம் வியாதி.

திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். எங்கள் துறையின் மாவட்ட விளையாட்டுப் போட்டி ஆண்டுதோறும் விழுப்புரத்தில் நடக்கும். பெண்கள் ஒற்றையர் கேரமில் மூன்று முறை கோப்பை வாங்கியவள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு, மறைப்பதற்கில்லை. இரட்டையரில் ஆட ஆரம்பித்த பிறகுதான் சறுக்கினேன். முதல் ஆண்டு இறுதி ஆட்டத்தில், ஊதினாலே விழுந்துவிடும் ஒரு காயை அடித்தேன். காய் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. அதை மைனஸ் என்போம். போட்ட காயும் திரும்பி வரும், அபராதமாக இன்னொன்றும் நடுவில் வந்து உட்காரும். தோற்றோம். அன்றிலிருந்து என் ஸ்ட்ரைக்கருக்குக் குழி பிடித்துப்போய்விட்டது. அடுத்த ஆண்டும் அதே கதைதான்.

என் ஜோடி எங்கள் அலுவலக உதவியாளர். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆட்டத்தில் என்னைவிடப் பெரியவள். தெருவில் அண்ணன்கள் ஆடும்போது உட்கார இடம் கிடைக்காமல், நின்றபடியே பார்த்துப் பார்த்துக் கற்றவள். இன்றைக்கும் முக்கியமான அடி என்றால் தன்னையறியாமல் எழுந்துவிடுவாள். நடுவர்தான் உட்காரச் சொல்ல வேண்டும்.

போட்டி முடிந்து பரிசு கொடுக்கும்போது மேடையில் கோப்பைத் தட்டை ஏந்தி நிற்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை ஆடாமல் எவ்வளவு நேரமானாலும் நிற்பாள் என்று பெயர். போன ஆண்டு துறைத் தேர்வில் தேறி, பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போக உத்தரவு வந்துவிட்டது. போட்டி முடிந்த மறு வாரம் கிளம்ப வேண்டும். அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

"ஒம்போது வருஷமா தட்டு புடிச்சிக்கினு நிக்கிறேன் மேடம். ஒரு வாட்டி கைய நீட்டி வாங்கிட்டுப் போயிடணும்."

அவள் ஆசைக்கும் கோப்பைக்கும் நடுவில் குறுக்கே நிற்பது நான்தான்.

அதனால்தான் கோல்ஃப். அந்த வெள்ளைக்காரர் சொல்வது நியாயமாகவே இருந்தது. தப்பான அடியைப் பந்திருக்கும் இடத்துக்கு நடந்து போவதற்குள் மறந்துவிடுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள் என்பார். அவருக்கென்ன, மறந்துகொண்டே நடக்கக் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி இருக்கிறது. எனக்கு இருப்பது இரண்டரை அடிப் பலகை. இருந்தும் முயன்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பதிவறையில் பயிற்சிக்கு உட்காரும்போது கண்ணை மூடி, பத்து மூச்சு எண்ணி, காய் விழுவதை மனக்கண்ணில் பார்த்து அடிப்பேன். மனக்கண்ணில் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்தே விழும். எதிரே ஆடிய தட்டச்சர், "மேடம் தூங்கிட்டாங்களா?" என்று ஒருநாள் மெல்லக் கேட்டே விட்டார்.

ஒவ்வொரு மைனஸுக்கும் என் ஜோடி சொல்வது ஒன்றுதான். "பரவால்லைங்க மேடம்."

அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கை கூசும். பரவாயில்லை என்று அவள் முகம் சொல்லவில்லை. கண்காணிப்பாளரிடம் வேறென்ன சொல்வாள்? கோப்பு தாமதமானால் நான் அவளிடம் கத்துவேன். நான் காயைக் கெடுத்தால் அவள் என்னிடம் கத்த முடியாது. அவள் விழுங்கிய கோபமெல்லாம் பலகைமேல் கிடப்பதுபோல் இருக்கும். அடுத்த அடியும் வீணாகும்.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று மதியம் வரிசையாக மூன்று மைனஸ். மூன்றாவதுக்கு அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா மேடம் ஆட்டம் இது? பச்சப் புள்ள போட்டுடும் இந்தக் காய. காய பாத்து அடிக்கிறீங்களா, என் மூஞ்சியப் பாத்து அடிக்கிறீங்களா? எத்தினி நாளைக்குத்தான் பரவால்ல பரவால்லன்னு சொல்லிக்கினு இருக்கறது, பேஜாரா கீது எனக்கு."

தட்டச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவளுக்கு அப்போதுதான் யாரைத் திட்டினோம் என்று உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது.

"தப்பா பேசிட்டேன் மேடம்."

எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது நிஜம். அடுத்த நொடியே தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. திட்டு வாங்கியதோடு அந்தத் தப்பு தீர்ந்துவிட்டது. மனதுக்குள் சுமந்துகொண்டு அடுத்த அடிக்குப் போக ஒன்றும் மிச்சமில்லை.

"நல்லாத்தான் திட்டற. ஒக்காரு" என்று ஸ்ட்ரைக்கரை வைத்து அடித்தேன். காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் பலகையிலேயே நின்றது.

அன்றே சட்டம் போட்டோம். கேரம் பலகை முன்னால் 'பரவால்ல' என்ற சொல்லுக்குத் தடை. சொன்னவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். முதல் இரண்டு நாள் அவள்தான் போட்டாள். மூன்றாம் நாள் பழகிக்கொண்டாள். என் கீழ் வேலை பார்த்த ஆறு வருடத்துப் பாக்கியையும் சேர்த்தே திட்டினாள் என்று எனக்குச் சந்தேகம். மைனஸ் அப்போதும் விழத்தான் செய்தது. ஆனால் ஒன்றோடு நின்றது. காணொளியை ரயிலில் பார்ப்பதை விட்டுவிட்டு, விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தூங்க ஆரம்பித்தேன்.

இறுதி ஆட்டம் விழுப்புரம் அலுவலகத்து ஜோடியோடு. கடைசி போர்டில் அவர்களுக்கு ஒரு காய் பாக்கி, எங்களுக்கு இரண்டு. மாவட்ட அதிகாரியே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் குழி ஓரத்தில் காய், பழைய காய் மாதிரியே. அடித்தேன். விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும்.

இரண்டு மூன்றாயிற்று. கூட்டம் 'ச்சு' கொட்டியது. எதிரே பார்த்தேன். அவள் அதிகாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்தாள்.

"ஏன் மேடம், அது இன்னா மாமியார் வூடா, ஸ்ட்ரைக்கர அங்கயே அனுப்பிக்கினு கீறீங்க?"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவர் அவளை உட்காரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். எதிர் அணிப் பெண் அந்தச் சிரிப்பிலோ என்னவோ தன் கடைசிக் காயைத் தவறவிட்டாள். என் ஜோடி இரண்டைப் போட்டாள். மூன்றாவது குழி வாயில் போய் நின்றது. எதிர் அணியின் மற்றவளும் தவறவிட்டாள். நான் மூச்சும் எண்ணவில்லை, கண்ணும் மூடவில்லை. அடித்தேன். காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் குழியின் விளிம்பு வரை போய், யோசித்து, நின்றது.

மாலையில் பரிசளிப்பு. ஒலிபெருக்கியில் பெண்கள் இரட்டையர் கேரம் என்றார்கள். பக்கத்து நாற்காலி காலி. திரும்பிப் பார்த்தால், மேடை ஓரத்தில் அவள் கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒன்பது வருடப் பழக்கம், பெயரைக் கூப்பிட்டதும் கால் அங்கே போயிருக்கிறது.

விறுவிறுவென்று மேடையேறினேன். "அறிவிருக்கா உனக்கு? குடு இத" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வெறுங்கையோடு ஒரு கணம் விழித்தாள். பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதிகாரி எடுத்துக் கொடுத்த கோப்பையைக் கைநீட்டி வாங்கினாள்.

நான் தட்டோடு நின்றேன். நன்றாகவே கனத்தது. என் கை ஆடியது, தட்டில் மிச்சமிருந்த என் கோப்பை கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அவள் தன் கோப்பையை மார்போடு அணைத்தபடி என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"ஆட்டாம புடிங்க மேடம்."