புனித சனிக்குக் குறித்த கல்யாணம்

பிலிப்பைன்ஸில், மியாகாவ் ஊரின் கத்தோலிக்கக் கோயிலுடைய பங்கு அலுவலகத்தில் பெலிசிதாத் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஊர் அவளை மனாங் சிதாத் என்று கூப்பிடும். அக்கா என்கிற மரியாதை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அவள் கையெழுத்தில்தான் பதிவாகும்.

கல்யாணத்துக்கு நாள் கேட்டு வருகிறவர்களைப் பார்த்தாலே அவளுக்கு இளக்காரம். அடுத்த வாரம் கல்யாணம் என்று ஓடி வருவார்கள். கல்யாணத்தைப் பூசையில் முன்கூட்டி அறிவிக்கிற ஓலையே இன்னும் வாசித்திருக்க மாட்டார்கள். அந்த ரகத்தைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். கோயிலை ஒரு வார்த்தை கேட்காமலே ஊர் உலகத்துக்கெல்லாம் தேதி சொல்லிவிட்டு வருகிறவர்களைத்தான் அவளால் சகிக்க முடியாது. கப்பலிலும் துபாயிலும் வேலை பார்க்கிறவனுக்கு ஆறு மாசம் முன்னால் தெரிய வேண்டும், அது நியாயம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு மாசம் போதும். ஆனால் சாமியாருக்கு முதலில் தெரிய வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்பது அவளுக்குப் புரிந்ததே இல்லை.

ரொசலிண்டா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். புருஷன் போனபிறகு, கப்பலில் இருக்கும் மகன் ரோதெல் அனுப்பும் பணத்தில் வீட்டை இரண்டு மாடியாக்கினாள். மாடி ஏறியதும் பேச்சும் ஏறிவிட்டது. அவளுடைய மகள் மெர்லினுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் பெலிசிதாத்தான்.

ஒரு மார்ச் மாசம், மீன்காரி ஒருத்தி தன் போனை நீட்டினாள். ஹாங்காங்கில் வேலை பார்க்கும் அவள் தங்கை ஒரு அட்டையைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். மெர்லினும் மாப்பிள்ளையும் கடற்கரையில் வெறுங்காலோடு சிரிக்கிறார்கள். கீழே, அடுத்த வருஷம் ஏப்ரல் நான்காம் தேதியை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள் என்று தங்க எழுத்து. கலிஃபோர்னியா, துபாய், மணிலா என்று நூற்றெண்பது பேருக்குப் போயிருக்கிறதாம்.

பெலிசிதாத் அடுத்த வருஷத்துக் காலண்டரைப் புரட்டினாள். ஏப்ரல் நான்கு, புனித சனி. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில், எந்தக் கோயிலிலும் கல்யாணம் நடக்காத நாள். நீண்ட லீவு என்பதை மட்டும் பார்த்து நாள் குறித்திருக்கிறாள் ரொசலிண்டா மகராசி. பெலிசிதாத்துக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரொசலிண்டா புருஷனுடைய நினைவுப் பூசைக்கு எழுதிக்கொடுக்க வந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், புதுத் திரைச்சீலையைப் பற்றிப் பேசினாள். மகள் கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஞானத்தாய்க்கு அட்டை கிடையாது, வாய்வார்த்தையும் கிடையாது. அப்படியானால் எனக்கு எதுவும் தெரியாது என்று பெலிசிதாத் வாயை மூடிக்கொண்டாள். பத்து மாசம் திறக்கவில்லை.

ஜனவரியில் ரொசலிண்டா மகளோடும் ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டியோடும் வந்தாள்.

"சிதாத், ஏப்ரல் நாலு, சாயங்காலம் நாலு மணி. எழுதிக்கோ."

"எழுத முடியாது."

"ஏன், வேற யாராவது கேட்டுட்டாங்களா?"

"எவளும் கேக்க மாட்டா. அன்னைக்குப் புனித சனி. ஆண்டவர் கல்லறையில கிடக்கிறப்போ நீ கேக் வெட்டப் போறியா?"

ரொசலிண்டாவின் முகம் வெளுத்தது. டிக்கெட் எல்லாம் வாங்கிவிட்டார்களே என்று முனகினாள். ஒரு தடவை விதிவிலக்கு செய்யக்கூடாதா, நன்கொடை எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே பெலிசிதாத் காலண்டரை அவள் மூக்குக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

மெர்லின்தான் மெதுவாகக் கேட்டாள். "ஞானம்மா, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"போன மார்ச்லயே."

"ஏன் சொல்லல?"

"எனக்கு யார் சொன்னாங்க?"

"பட்டியல்ல முதல் பேரா உங்க பேரைத்தான் எழுதினேன். அம்மாதான் அடிச்சிட்டாங்க. கூப்பிடு தூரத்துல இருக்கிறவங்களுக்கு எதுக்கு அட்டை, ஒரு வாரம் முன்னாடி சொன்னா வந்துடப் போறாங்கன்னு." அழுகையை அடக்கிக்கொண்டாள். "அண்ணனுக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமை மத்தியானம் விமானம் ஏறிடுவான். அப்பா இடத்துல நின்னு என்னைக் கூட்டிட்டுப் போக வேற யாரு இருக்கா?"

ரொசலிண்டாவை மடக்கியதில் இருந்த ருசி அப்போதே கசந்துவிட்டது. இந்தப் பெண்ணைப் பெலிசிதாத் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றே சாமியாரிடம் போனாள். ஈஸ்டர் ஞாயிறு முழுக்கப் பூசைகள்; மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கல்யாணப் பூசை வைக்க முடியுமா என்று கேட்டாள். புனித வாரம் முழுக்கப் பூசையில் நின்ற கால் வலிக்குமே என்று அவர் முணுமுணுத்தார். அவள் நகராமல் நின்றாள். சரி என்றார்.

ஐந்தரை மணிக்குத் தான் அழைத்திருந்த டாக்டரும் வக்கீலும் எப்படி வருவார்கள் என்று ரொசலிண்டா குதித்தாள். நூற்றெண்பது பேருக்கும் திருத்தம் அனுப்பினாள். திங்கட்கிழமை வேலைநாள். மணிலாக்காரர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் ஞாயிறு மாலையே விமானம் ஏற வேண்டியவர்கள். சனிக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒதுக்கி வைத்த நாளைக் கடற்கரையில் கழித்தார்கள்.

தெருக்காரர்களுக்கு ஒரு மாசம் முன்னால் பெலிசிதாத்தே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ரொசலிண்டா சொல்லியனுப்பியதாகச் சொன்னாள். அந்தப் பொய் அவளுக்கு வேப்பங்காயாக இருந்தது. புனித வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பத்து மாசம் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். எதற்காக என்று சாமியார் கேட்டார்.

"அட்டை வரல, சாமி."

அவர் மூன்று நாள் ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

திங்கட்கிழமை, ஈஸ்டர் பூக்கள் வாடுவதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. மீன்காரிகள் சந்தைக்குப் போகும் வழியில் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய மனிதர்களுக்கு ரிப்பன் கட்டிய பதினாறு நாற்காலிகளில் பன்னிரண்டு காலி. மீன்காரிகளில் வயதான நாலு பேர் கூச்சப்படாமல் போய் உட்கார்ந்தார்கள். ரோதெல் தங்கையின் கையைப் பிடித்து நடந்து வந்தான். எட்டு மணிக்குக் கோட்டைக் கழற்றாமலே விமான நிலையத்துக்குக் கிளம்பினான்.

விடியற்காலைக் கல்யாணம் தன் யோசனைதான் என்று ரொசலிண்டா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நல்ல குடும்பங்களில் அந்தக் காலத்தில் அப்படித்தானாம். பெலிசிதாத் அதைத் தன் காதாலேயே கேட்டாள். அலுவலக வரிசையில் நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.