கமலாவின் வளையல்கள்

சமஸ்தான அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மண்டி மொஹல்லா வீட்டில் படுத்தபடி கூரையின் உத்தரங்களை எண்ணுவேன். மணிக்கூண்டு அடிப்பதை எண்ணுவேன். எண்ண எண்ண விழிப்புதான் கூடும். காலையில் மனைவி கமலாவிடம் புலம்புவேன்.

"மூணு மணி அடிச்சதையும் கேட்டேன்."

"நல்லதாச்சு. மணிக்கூண்டுக்கும் ஒரு காவல் வேணுமில்ல" என்பாள்.

அவள் பக்கத்தில் அசையாமல் கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கொடுத்துவைத்தவள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் இரவு குளிர் அதிகம். போர்வையை அவள் மேல் இழுத்துவிட்டபோது விரலில் துணி தட்டுப்பட்டது. கண்ணாடி வளையல்கள் குலுங்காதபடி இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தாள். விளக்கை அணைத்த பிறகு சுற்றியிருக்க வேண்டும்.

"இதென்ன கட்டு?" என்றேன், அவள் தூங்குகிறாள் என்பதை மறந்து.

"புரண்டா சத்தம் போடுது. நீங்க அப்பத்தான் கண்ணை மூடியிருப்பீங்க" என்றாள். குரலில் தூக்கமே இல்லை.

"நீயும் முழிச்சிருக்கியா?"

"பொண்ணு கல்யாணமாகிப் போனதிலிருந்தே இப்படித்தான். சும்னே, பேசாம படுங்க."

இத்தனை நாளும் இருவரும் அருகருகே தனித்தனியாக விழித்துக் கிடந்திருக்கிறோம். துணியை நானே அவிழ்த்தேன். நஞ்சன்கூட்டில் வாழப் போன மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அன்று நான்கு மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

தூக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் இருட்டில் வளையல் குலுங்கினால், "என்ன கமலா?" என்பேன். எதுவரை எண்ணினேன் என்பது அதோடு மறந்துபோகும்.