நாற்பது எண்ணும் நேரம்

"நாப்பது எண்ணுலே," என்றார் ஜெயினுலாப்தீன். ஒரு கையில் லென்ஸ் மூடி, மறு கையில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டை. கடிகாரம் பார்க்க அவருக்குக் கை இல்லை. எண்ணுவது மகன் ரஹ்மத்துல்லாவின் வேலை.

கேமராவுக்கு முன்னால், ஆட்டுத்தோல் துண்டின்மேல், ஒரு சிலந்தி முட்டைப் பையை வயிற்றோடு அணைத்தபடி அசையாமல் இருந்தது. அசையாது என்பதால்தான் அதைத் தேர்ந்திருந்தார்.

பக்கத்துப் பட்டறை நாகூர் கனி வாசலில் தலையை நீட்டினார். "என்ன பாய், பொண்ணு மட்டும் இருக்கு? மாப்பிள்ளை எங்க?"

"அவன அவ தின்னு நாளாச்சு. வெளிச்சத்த மறைக்காம நகரும்வே."

ரஹ்மத்துல்லா வேலை செய்யும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதியது. பத்துக்கு மேல் அவன் எண்ணிக்கை வேகமெடுத்தது. நாற்பது. மூடி லென்ஸை அடைத்தது.

"சரியா எண்ணினியாலே?"

"எண்ணினேன் வாப்பா." சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடினான்.

அது 1943, ஒரு திங்கட்கிழமை. வியாழனன்று, அஸர் தொழுகைக்கு ஒளூ செய்ய, கை கால் கழுவ உட்கார்ந்த ஜெயினுலாப்தீன் எழுந்திருக்கவில்லை.

ஜெயினுலாப்தீன் இருபது வயதில் மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பை தைத்தவர். கேமராவைத் தேடி அவர் போகவில்லை. லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் தோல் துருத்தி கிழிந்துபோன கேமரா ஒன்றை, துருத்தியை மாற்றித் தரச்சொல்லி யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பழைய துருத்தியை இழுத்துப் பிடித்து அளந்தவர், மடித்த அளவு அதுதான் என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டார். புதியது இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. உரியவர் தலையில் அடித்துக்கொண்டு, "நீயே வச்சுக்க," என்று போய்விட்டார்.

துருத்தி நீள நீள, கிட்டத்தில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரிந்தது. முதலில் மாட்டியது தோல் தின்னும் வண்டு. மனைவி சைனப் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பிறகு எறும்பு, குளவி, சிலந்தி. படங்களை யாரிடமும் காட்டவில்லை. நாகூர் கனி மட்டும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எப்படி ஆக்கித் திங்கிறது?" என்று கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை படம் விழுந்த கண்ணாடித் தட்டு மருந்தில் கழுவப்படாமலே இருந்தது. யுத்தத்தில் வேறு தட்டு கிடைக்காது. வாப்பாவோடு எடுத்த கடைசிப் படம் அது. அதில் பாதி வெளிச்சம்தான் விழுந்திருக்கும் என்று ரஹ்மத்துல்லா நம்பினான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒர்க்‌ஷாப்பில் இரும்பைத் திருப்பி அனுப்புகிறவன், தன் வாப்பாவுக்கு அவசரமாக எண்ணிக் கொடுத்திருந்தான்.

பதினோரு நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து பட்டறைக் கதவைச் சாத்தினான். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஒட்டிய கறுப்புக் காகிதம் ஜன்னலில் இருந்தது, பகலிலேயே இருட்டறை. வழக்கமாக மருந்தில் எட்டு நிமிடம். அவன் பதினாறு கொடுத்தான். குறைந்த வெளிச்சத்தை மருந்து ஈடுகட்டும்.

கழுவிய தட்டை வெளிச்சத்தில் பிடித்தான். தட்டில் வெள்ளை கறுப்பாக விழும். முட்டைப் பை இருந்த இடம் தார் பூசியதுபோல அடைத்துக் கிடந்தது. அதன் நூல் ஒன்றுகூடத் தெரியவில்லை. வெளிச்சம் குறையவே இல்லை.

எங்கே தவறினோம் என்று வாப்பாவின் நோட்டைப் பிரித்தான். முதல் பக்கத்தில், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில்:

"கனியின் கடிகாரத்தில் பார்த்தது. ரஹ்மத்து நாற்பது எண்ணினால் இருபது விநாடி. எப்போதும் அப்படித்தான். அவனிடம் சொல்லக் கூடாது. சொன்னால் எண்ண வரமாட்டான்."

நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனான்.

"கனி மாமா, வாப்பா உங்க கடிகாரத்த வாங்கினாங்களா?"

"ஆமா. நீ அந்தால எண்ணிக்கிட்டு இருந்த. அவரு முள்ளப் பாத்து வாயப் பொத்திச் சிரிச்சாரு. 'எம்புள்ள மெயில் வண்டி மாதிரி ஓடுதான்'னாரு." கனி அவன் முகத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா?"

ரஹ்மத்துல்லா நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வாப்பாவுக்கு வேண்டியது இருபது விநாடி. அதனால் நாற்பது கேட்டார். சரியாக இருந்த தட்டைத் திருத்தப் போய் இவன் கெடுத்துவிட்டான்.

மிகுதியாகக் கறுத்த தட்டை வெளிறவைக்கவும் ஒரு மருந்து உண்டு. திரும்பி வந்து தகரப் பெட்டியில் தேடினான். பெர்ரிசயனைடு என்று எழுதி ஒட்டிய புட்டி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். முடித்த வேலைகளைக் கோடு போட்டு அடிப்பது வாப்பாவின் வழக்கம். கடைசி வரியின்மேல் கோடு இல்லை.

"சனிக்கிழமை சயான் போக வேண்டும், மருந்துக் கடை. பெர்ரிசயனைடு ஒரு அவுன்ஸ்."