உசிலம்பட்டி பஸ்ஸின் நடுக்கம்

என் மாமா பஸ் டிரைவர். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் ஓடிய ஒரு பெட்ரோல் வண்டி அவர் கையில் இருந்தது. வண்டி முதலாளியுடையது என்றாலும், மாமா அதைப் பற்றிப் பேசுகிற தோரணையைக் கேட்டவர்கள் அது அவர் வீட்டுச் சொத்து என்றே நினைப்பார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் என்னை உசிலம்பட்டியில் அவர் வீட்டில்தான் விட்டிருந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பாவாடை கட்டிய ஒல்லிக்குச்சி. எந்தச் சந்திலும் நுழைந்து வந்துவிடுவேன்.

சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற கூட்டங்களுக்கெல்லாம் மாமா போய்வருவார். ஆயுத பூசைக்குக்கூட வண்டியில் ஒரு பொட்டு வைக்க விடமாட்டார். அத்தையோ தெருமுனைக் கல்லையும் கும்பிட்டுப் போகிறவள். அவளுடைய தம்பி லாரி கவிழ்ந்து செத்துப்போன பிறகு, மத்தியானம் மாமாவின் ஹார்ன் சத்தம் கேட்கும்வரை அவள் வாயில் ஒரு பருக்கை இறங்காது. ஒருநாள் கருப்பன் கோயிலிலிருந்து விரல் நீளத்தில் ஓர் இரும்பு அரிவாளும் திருநீறும் வாங்கி வந்து மஞ்சள் துணியில் முடிந்தாள். மாமா சாப்பிட்டுக் குட்டித் தூக்கம் போடும் நேரம் பார்த்து, புளியமரத்தடியில் நின்ற பஸ்ஸுக்கு அடியில் என்னை அனுப்பினாள்.

"அவுக கண்ணுல படாத எடமா, நல்லா தடியா இருக்குறதுல இறுக்கிக் கட்டிட்டு வா. வெளிய சொன்னே, கருப்பன் கண்ணைக் குத்தும்."

வண்டியின் நடுவே, முன்னாலிருந்து பின்சக்கரம்வரை ஒரு நீண்ட தடி போயிற்று. அதைவிடத் தடியாக அங்கே எதுவும் இல்லை. செம்புக் கம்பியால் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். அதற்காக எனக்குக் கிடைத்த கருப்பட்டித் துண்டின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வாரமே பஸ் நடுங்க ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. செக்கானூரணி தாண்டி நேர்ரோட்டில் வேகமெடுத்தால் தரைப்பலகை அதிரும். உட்கார்ந்திருப்பவர்கள் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு சட்டையில் தெறிக்கும். மாமா மதுரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மேஸ்திரி அதிர்வைத் தாங்கும் வில்லுப்பட்டையை மாற்றி, போல்ட்டையெல்லாம் முறுக்கிக் கொடுத்தார். நடுக்கம் போகவில்லை. அத்தை கவலைப்பட்டு இரண்டாவது அரிவாள் வாங்கினாள். நான் மறுபடி அடியில் புகுந்து முதல் முடிச்சுக்கு மேலேயே கட்டினேன். நடுக்கம் இன்னும் கூடியது. இந்தத் தடவை மேஸ்திரி எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். வந்த வண்டி முன்னைவிட மோசம் என்றார் மாமா. அத்தை மூன்றாவது அரிவாளுக்குப் போனாள்.

ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் நடுக்கம் ஏன் கூடுகிறது என்று ஒர்க்‌ஷாப்பே தலையைப் பிய்த்துக்கொண்டது. நானோ ராத்திரி படுக்கும்போது, பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் கருப்பனை நினைத்து, மாமா வண்டியைச் சரியாக்கு என்று வேண்டிக்கொண்டுதான் தூங்குவேன்.

கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியில் குற்றமில்லை, ஓட்டுகிறவன் காலில்தான் குற்றம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு டிரைவர் வருவார் என்றும் சொல்லியனுப்பினார். அன்று மாமா பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தார். "வேலை போனா போகுது. என் கால் மேல பழியப் போட விடமாட்டேன்," என்றார். எனக்கு அழுகை வந்தது. மாமாவுக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு என்ன தெரியும்?

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு ஓட்டமில்லை; எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் மாமா தனியாளாக முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் பூட்டினார். பிறகு அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். தரையில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்வது என் வேலை.

நின்ற இடத்தில் எஞ்சினை உறும விட்டார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். நேர்ரோட்டில் வேகம் பிடித்ததும் தண்ணீர் துள்ளி என் பாவாடையை நனைத்தது. சக்கரங்களை மாற்றியும் அதே நடுக்கம். நாகமலைப் பக்கத்துச் சரிவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, கியரையும் எடுத்துவிட்டார். சத்தம் அடங்கி, காற்று மட்டும் கேட்டது. "இப்ப?" என்றார்.

"இப்பவும் குதிக்குது மாமா."

வண்டியை ஓரங்கட்டினார். மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் முகம் தெளிந்து பார்த்தேன். விரல்விட்டு எண்ணினார். "எஞ்சின் இல்ல. சக்கரம் இல்ல. இது ரெண்டும் இல்லாம வண்டி உருளுறப்ப சுத்துறது ஒன்னே ஒன்னுதேன். நடு ஷாப்ட்டு, எஞ்சினையும் பின்சக்கரத்தையும் சேக்குற தடி." சொல்லிக்கொண்டே குனிந்து அடியில் போனார். அத்தை என் கையைப் பிடித்தாள்.

கிரீஸும் மண்ணும் அப்பி, தேங்காய் அளவுக்குப் புடைத்திருந்த மூட்டையோடு மாமா வெளியே வந்தார். ஒரு ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. நானே முந்திக்கொண்டு, "நான்தான் கட்டுனேன் மாமா," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார். அவள் தலை குனிந்தபடி, "வீட்டுக்கு வந்து சேருவீகளோன்னு தினம் தினம் செத்துப் பொழைக்கிறேன்," என்றாள்.

திரும்பி வருகையில் செம்புத் தண்ணீர் அசையவில்லை.

மறுநாளும் பள்ளி விடுமுறை. என்னையும் மதுரைக்கு அழைத்துப் போனார். முதலாளியிடம், ஷாப்ட்டில் கம்பி சுற்றிக்கொண்டு கிடந்ததாகவும் தான்தான் கவனிக்காமல் விட்டதாகவும் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்ல, உன் மேலதான் குத்தம்னு," என்று முதலாளி நான்கு பேர் எதிரில் சொன்னார். மாமா தலையாட்டினார். வேலை தப்பியது. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. வெளியே வந்ததும் மேஸ்திரி மாமாவின் காதருகே வந்து குரலைத் தணித்துச் சொன்னார்:

"மொத தடவையே பாத்தேண்ணே. சாமி காரியம். அடுத்தவுக நேந்து கட்டுனதுல நம்ம கை வைக்கலாமா? கும்பிட்டுக்கிட்டேன். ஷாப்ட்டைக் கழட்டுனப்பக்கூட முடிச்சோடயே மாட்டிட்டேன்."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்திருந்த மூன்று அரிவாள்களையும் அத்தையிடமிருந்து வாங்கினார். புதுத் துணியில் அவரே முடிந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பானர் பெட்டியில் வைத்தார். "இங்கன கெடக்கட்டும். இது சுத்தாது," என்றார்.

மறுநாள் ஹார்ன் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே அத்தை சாப்பிட உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததும் நான் ஓடிப்போய், கருப்பன் எங்கள் மாமாவைப் பயமுறுத்திக் கும்பிட வைத்துவிட்டான் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். மாமா கடைசிவரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை என்பது என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. இருந்தும், எனக்குக் கல்யாணமாகி, வெளியூர் போன என் வீட்டுக்காரருக்காக நானும் ஒரு மத்தியானம் சாப்பிடாமல் காத்திருந்த நாள்வரை, அவர் அன்று கருப்பனுக்குத்தான் பயந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.