ரொட்டிப் பெட்டிக்கு அடியில்

மகளை அடக்கம் செய்த சில வாரங்களில் ரோஸ்விதாவுக்குத் தொலைபேசி வந்தது. மியூன்ஸ்டரில் மகள் ஸ்வென்யா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். வருத்தம் தெரிவித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அடுத்து வர்றவங்க சொந்தச் சமையலறை கொண்டு வர்றாங்க. மாசக் கடைசிக்குள்ள உங்க பொண்ணோடதைக் கழட்டிக்கிட்டுப் போயிடுங்க. சுவருக்கும் வெள்ளை அடிச்சுக் கொடுத்துடணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஜெர்மனிப் பக்கம் குடியிருப்பவர் போகும்போது அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் கூடவே போய்விடும்; சுவரில் குழாய் முனைகள் மட்டும் நிற்கும். ரோஸ்விதா "சரி" என்றாள். அப்போதும் அழவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கேக் சாப்பிட்ட மேசையிலும் அவள் அழவில்லை. அன்று தின்ற கேக் காகித அட்டையைப் போலிருந்தது. அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் அப்படித்தான்.

ஹெர்னேயில் அவள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் மொட்டைச் சுவரையும் குழாய்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்னொரு குளிர்காலம் அப்படியே போனால் வீட்டையே விற்க வேண்டியதுதான். புதுச் சமையலறைக்கு விதவை ஓய்வூதியம் எந்த மூலைக்கு? ஆகவே செத்த மகளின் சமையலறை மாடிக்கு என்று முடிவாயிற்று. முடிவு செய்தபோது அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை.

கணவனின் தம்பி டெட்லெஃப் வண்டி கொண்டுவந்தான். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மியூன்ஸ்டரில் அவன் அலமாரிகளைக் கழற்ற, ரோஸ்விதா மேடை மேலிருந்த ரொட்டிப் பெட்டியைத் தூக்கினாள். அடியில், மேடைப் பலகையில், ஒரு கறுப்பு வளையம்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கிறிஸ்துமஸ். வாசலில் அம்மாவைக் கண்டதும் ஸ்வென்யா கொதிக்கும் உருளைக்கிழங்குப் பானையை அப்படியே பலகையில் வைத்துவிட்டுக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள். "திட்டாதேம்மா! ரொட்டிப் பெட்டியை மேல வெச்சுட்டா யாருக்குத் தெரியும்?" ரோஸ்விதா அன்று நன்றாகவே திட்டினாள்.

ஹெர்னே மாடியில் டெட்லெஃப் குனிந்து முனகினான். "இதைப் போட்டவன் குடிச்சுட்டுப் போட்டிருக்கான். ஒரு திருகாவது நேரா இருக்கா பாரு!"

"நீதான் போட்டே."

"நானா? அப்போ பீர் கொடுத்தது உன் பொண்ணு."

அங்கே மூலை வளைந்து நின்ற சமையலறையை இங்கே ஒரே நேராக நிறுத்த வேண்டும். அளந்து, பென்சிலால் கோடு போட்டு, டெட்லெஃப் முகம் மலர்ந்தான்.

"அதிர்ஷ்டம் பாரு ரோஸி. அடுப்பைப் பதிக்க ஓட்டை போடுற இடத்துலயே இந்தக் கறை வருது. வெட்டினா போச்சு. புதுசாட்டம் ஆயிடும்."

ரம்பத்தின் மின்கம்பியைச் சொருகினான். ரோஸ்விதாவின் வாய் மட்டும் பேசியது.

"அடுப்பைத் தள்ளி வை."

"தள்ளினா இழுப்பறைக்கு இடம் கிடையாது. வர்றவங்க கரண்டியை எங்கே போடுவாங்க, சட்டைப் பையிலயா?"

"தள்ளி வை, டெட்லெஃப்."

அவன் வளையத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் பென்சில் கோட்டை அழித்தான்.

வீடு பார்க்க நுர்குல் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிற பெண். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள்.

"இழுப்பறையே இல்லையா? சரி, இது என்ன?" வளையத்தைக் கைபேசியில் படம் எடுத்தாள். "நாளைக்கு நான் காலி பண்றப்ப இதை என் தலையில கட்டக் கூடாது பாருங்க."

"கட்ட மாட்டேன்."

"ஒண்ணு செய்ங்க. இந்தப் பலகையை மாத்திக் கொடுங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

கதவோரம் நின்ற டெட்லெஃப் இருமினான். "ரோஸி, பலகை ஒண்ணும் பெரிய விலையில்ல..."

"மாத்த முடியாது."

"ஏங்க?"

"என் மகள் சுட்டது."

நுர்குல் சிரித்துவிட்டாள். "அப்போ அவங்களையே மாத்தித் தரச் சொல்லுங்களேன்!"

"அவ செத்துப் போயிட்டா."

பாதிரியாரிடமும் வங்கியிலும் அந்தச் சொல்லை டெட்லெஃப்தான் சொல்லியிருந்தான். அவள் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான்.

நுர்குல் கைபேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு அவள் அந்த வளையத்தின் மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு ரொட்டிப் பெட்டி இருக்கு. அதை இது மேல வெச்சுட்டா யாருக்குத் தெரியும்?"

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரோஸ்விதா சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நுர்குல் குடிவந்த அன்று, புதிதாகக் குடிவருபவர்களுக்குக் கொடுக்கும் வழக்கப்படி ரோஸ்விதா ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நுர்குல் ஒரு துண்டு வெட்டி, உப்புத் தூவி, முதலில் அவளிடம் நீட்டினாள். மீதியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ரோஸ்விதா கடித்தாள். உப்புக் கரித்தது.

இன்னொரு துண்டு கேட்டாள்.