ரெஃபர் சீட்டு

பிள்ளைகளா, டாக்டர் என்னைச் சென்னைக்கு 'ரெஃபர்' செய்திருக்கிறார் என்று முந்தாநாள் சொன்னேன். உங்கள் இரண்டு பேர் கையும் சோற்றிலேயே நின்றுவிட்டது. வாயால் விளக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்தமானில் லாங் ஐலண்ட் தீவில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "பத்தாம் பக்கத்தை ரெஃபர் பண்ணு" என்றால், புரட்டிப் பார் என்று அர்த்தம். வீட்டில் அதே வார்த்தையைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எதிர்வீட்டுப் பெரியவரை ரெஃபர் செய்தார்கள், திரும்பவில்லை. படகுத்துறையில் டீ போட்ட அக்காவை ரெஃபர் செய்தார்கள். துணி மூட்டை மட்டும் வந்தது. மெயின்லாண்டில், மெட்ராஸ் பக்கம், இறந்தவரைக் கடல் தாண்டிக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே எரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ரெஃபர் என்றால் சாகக் கூட்டிப்போவது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம், அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி ரெஃபர் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அது இருந்தால்தான் போட்டிலும் கப்பலிலும் நோயாளிக்கு உடனே இடம் கிடைக்கும். அதைத் திருடி, நான்காக மடித்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

விடிந்ததும் வீடு தலைகீழானது. மாமா பாயை உதறினார். அப்பா சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் போட்டார். போட்காரர் வாசலில் வந்து கத்தினார்.

"அரே பாய், ஜல்தி கரோ! தண்ணி வத்துது, அப்புறம் போட் நவுராது!"

"சீட்டில்லாம எப்படி மச்சான் ஏத்துறது?" என்று அப்பா மாமாவிடம் கேட்டார்.

அம்மா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். நான் டின்னை விட்டு நகராமல் நிற்பதை அவள் மட்டும் பார்த்தாள்.

"டேய், அதுக்கடியிலதான வெச்சிருக்க?"

"குடுத்தா நீ செத்துருவ."

"குடுக்கலன்னாதான்டா செத்துருவேன்." சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். மாமா கையை ஓங்கினார். "அவன விடுடா, பயந்துட்டான்" என்றாள் அம்மா.

கிளம்பும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி, கல்யாணப் புடவையை எடுத்துப் பையின் அடியில் வைத்தாள். மெட்ராஸில் போட்டோ பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஏன் போட்டோ எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். கட்டின புருஷன் இருக்கும்போதே செத்துப்போகிறவளுக்கு எந்தப் புடவையைக் கட்டி அனுப்புவார்கள் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அந்த வார்த்தைக்கு அவளும் என் அர்த்தத்தையே வைத்திருந்திருக்கிறாள்.

நேற்று உங்கள் அகராதியைப் புரட்டினேன். ரெஃபர் லத்தீனிலிருந்து வந்ததாம். முன்பாதிக்குத் 'திரும்ப' என்று பொருள், பின்பாதிக்குச் 'சுமந்து வருவது'. நான் பத்தாவதோடு நின்றவன். சரியா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு பையில் துணி எடுத்து வைத்தேன். பீரோவிலிருந்து கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

சாவி அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது.